கடல் இல்லாத மோட்சம்

டீச்சரம்மா என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர்கள் கிடையாது. எந்தப் பள்ளிக்கூடத்து டீச்சர் என்று கேட்டால்தான் கொஞ்சம் தடுமாறுவார்கள். அவர் பாடம் நடத்தியது இறையியல் கல்லூரியில், நாளைக்குப் போதகர்களாகப் போகிறவர்களுக்கு. அதிலும் வேதத்தின் கடைசிப் புத்தகம்தான் அவருடைய கோட்டை. மிருகங்களும் எக்காளங்களும் முத்திரைகளுமாக ஆளைத் தலைசுற்ற வைக்கும் அந்தத் தரிசனங்களை, சிக்கு விழுந்த கூந்தலைப் பொறுமையாகப் பிரித்து வாரிப் பின்னுவதுபோல் பின்னிக் காட்டுவார். மாணவர்கள் பயந்தபடி உள்ளே போய், தெளிந்த முகத்தோடு வெளியே வருவார்கள். அவருடைய கணவர் பல் டாக்டர். "என்கிட்ட வர்றவங்க திறந்த வாயை மூட மாட்டாங்க, உங்கம்மாகிட்ட போறவங்க மூடின வாயைத் திறக்க மாட்டாங்க" என்று மகனிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

மகனுக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. அதே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த ஒரு பெண்ணைத்தான் கட்டிக்கொண்டான். அவள் கடலின் நடுவில் எங்கோ இருக்கும் ஒரு சின்னத் தீவில் பிறந்தவள். வரைபடத்தில் தேடினால் ஈ உட்கார்ந்துவிட்டுப் போன புள்ளிபோல் இருக்கும். கல்யாணப் பேச்சு எழுந்தபோது முகம் சுளித்த உறவுக்காரர்கள் ஒன்றிரண்டு பேர் இருந்தார்கள்தான். ஆனால் அவள் வீட்டுக்குள் வந்து வேர்விட்டுவிட்டாள். தமிழை அவள் கற்றுக்கொண்டது முழுக்க அந்த வீட்டுக்குள்ளேயேதான். அதனால் அவள் பேச்சில் மாமியாரின் அதட்டலும் மாமனாரின் கிண்டலும் சம அளவில் கலந்திருக்கும்.

அவளுக்குக் குழந்தை பிறந்தது, பிறக்க வேண்டிய காலத்துக்கு ரொம்ப முன்னாலேயே. உள்ளங்கையில் வைத்தால் அடங்கிவிடும் போலிருந்த ஆண் குழந்தை. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மூக்கில் ஒரு குழாய், காலில் ஒரு ஒயர் என்று மாட்டி, "பார்ப்போம்" என்று சொன்னார்கள். நர்ஸாக அவளே எத்தனையோ தாய்மாரிடம் சொன்ன வார்த்தைதான் அது. அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். அதனால்தான் அவளைத் தேற்றுவது யாராலும் முடியாத காரியமாக இருந்தது.

அப்போதுதான் சம்பந்தியம்மா வந்து சேர்ந்தார். முதலில் படகு, பிறகு கப்பல், பிறகு விமானம். தோளில் ஒரே ஒரு பை. குள்ளமான, அகன்ற தோள்களும் வெயிலில் கறுத்த முகமும் கொண்ட பெண்மணி. அவர் சபை ஊழியக் குடும்பம் என்று மட்டும் பல் டாக்டருக்குத் தெரியும். வாசலுக்கு ஓடிப் போய், "வாங்க பாஸ்டரம்மா, பாஸ்டர் ஐயா வரலையா" என்று கேட்டார்.

"மாமா, அம்மாதான் பாஸ்டர். அப்பா ஸ்கூல்ல சமையல்காரர்" என்றாள் மருமகள்.

பல் டாக்டர் அசடு வழிந்துகொண்டு பையை வாங்கிக்கொண்டார். சம்பந்தியம்மா மூன்று தீவுகளில் மூன்று சபைகளைப் பார்த்துக்கொள்கிறார், படகைத் தானே ஓட்டிப் போகிறார், நடுக்கடலில் இன்ஜின் நின்றுபோனால் கழற்றி மாட்டுவதும் அவரேதான் என்றெல்லாம் தெரிந்த பிறகு, அவரைக் கேப்டன் என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார். சம்பந்தியம்மாளுக்கும் அந்தப் பெயர் பிடித்துப் போயிற்று. அவருக்குத் தமிழ் தெரியாது. டீச்சரம்மாவும் அவரும் ஆளுக்குக் கொஞ்சம் வைத்திருந்த ஆங்கிலத்தைப் போட்டுப் பேசிக்கொண்டார்கள். அது போதாத இடத்தில் கையும் கண்ணும் பேசின.

இந்த நேரம் பார்த்து டீச்சரம்மாவின் தலையில் இன்னொரு வேலையும் ஏறியிருந்தது. பல சபைகள் ஒன்றுகூடி, சாதாரண மனிதர்கள் வீட்டில் வைத்துப் படிப்பதற்காக ஒரு வேத விளக்கவுரை கொண்டுவரப் போகின்றன. அதில் கடைசி இரண்டு அதிகாரங்கள் அவருக்கு. புதிய வானம், புதிய பூமி, கண்ணீரெல்லாம் துடைக்கப்படும் என்ற அந்தப் பகுதியை அவருக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லத் தெரியும். ஆனால் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்ததில் ஒரு பக்கம்கூட எழுதி முடித்த பாடில்லை. பதிப்பாசிரியர் அவரோடு கல்லூரியில் படித்தவர், ஒல்லியான மனிதர், அடித்து நீக்குவதில் பேரின்பம் காண்பவர். அவர் தினமும் போன் செய்து, குழந்தையைப் பற்றி உண்மையான கவலையோடு விசாரித்துவிட்டு, கடைசியில் தயங்கித் தயங்கி அதிகாரங்களைப் பற்றியும் கேட்பார்.

ஒரு சாயங்காலம், எல்லோரும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முன் வீட்டில் ஜெபத்துக்கு உட்கார்ந்தார்கள். மருமகளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று டீச்சரம்மா அந்தப் பகுதியையே எடுத்தார். அங்கே சாவு இல்லை, அழுகை இல்லை, வலி இல்லை. இதைவிட ஆறுதலான இடம் வேறெது? அவர் குரலும் நல்ல குரல். முதல் வசனத்தை வாசித்தார். புதிய வானம் வந்தது, புதிய பூமி வந்தது, கடல் இனிமேல் இல்லாமல் போயிற்று என்ற இடமும் வந்தது. மருமகள் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள்.

பால் பொங்குகிறதோ என்று நினைத்து டீச்சரம்மா கொஞ்ச நேரம் காத்திருந்தார். அவள் திரும்பி வரவில்லை. ஜெபத்தை முடித்துவிட்டு உள்ளே போனால், மருமகள் கழுவின பாத்திரங்களையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல அத்தை."

"சொல்லு."

"உங்க மோட்சத்துல எங்க ஊருக்கு இடமில்ல அத்தை."

டீச்சரம்மாவுக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும், வகுப்பில் ஆயிரம் தடவை செய்ததைத்தான் இப்போதும் செய்தார். அந்தக் காலத்து மக்களுக்குக் கடல் என்றாலே பயங்கரம், ஆழத்திலிருந்துதான் மிருகம் ஏறி வருகிறது, எதிரியின் கப்பல்களும் அதன் மேல்தான் வரும், ஆகவே கடல் என்பது குழப்பத்துக்கும் தீமைக்கும் ஒரு அடையாளம்தான் என்று நிதானமாக விளக்கினார். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. மருமகள் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தது கடல்லதான். எங்க தாத்தாவைப் புதைச்ச இடத்துலேர்ந்து பத்தடி நடந்தா தண்ணி. கர்த்தரைப் பத்தி எனக்கு முதல்ல தெரிஞ்சதெல்லாம் அந்தத் தண்ணியைப் பார்த்துதான் தெரிஞ்சது. என் குழந்தை அந்த மோட்சத்துக்குப் போயிட்டா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் நிறுத்தினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அங்க போயிட்டா, அவனுக்குக் கடலைக் காட்ட யாரும் இருக்க மாட்டாங்களே அத்தை."

டீச்சரம்மா மருமகளைத் தோளோடு அணைத்துக்கொண்டார். மாணவர்கள் கேட்கும் கேள்விக்கு எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் பதில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். இது அந்த வகைக் கேள்வி இல்லை.

மறுநாள் காலையில், குழந்தைகள் வார்டுக்கு வெளியே இருக்கும் நீளமான நடையில், பிளாஸ்டிக் நாற்காலிகளில் சம்பந்திகள் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். தரையைத் துடைக்கிறவர் வாளியைத் தள்ளிக்கொண்டு வர, இருவரும் காலைத் தூக்கிக்கொண்டு வழிவிட்டார்கள். உள்ளே மருமகள் கண்ணாடிப் பெட்டியின் ஓட்டை வழியாக ஒரு விரலை விட்டுக் குழந்தையின் கையில் கொடுத்துக்கொண்டு நின்றாள். டீச்சரம்மா மனதில் கிடந்து உறுத்தியதை மெல்ல எடுத்துப் போட்டார். மகள் பக்கம்தான் தாய் பேசுவார், பேசட்டும், நாலு வார்த்தை திட்டினாலும் கேட்டுக்கொள்ளலாம் என்ற முடிவோடுதான் ஆரம்பித்தார்.

சம்பந்தியம்மா சிரித்துவிட்டார். அவர் தன் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படித்தான் வரும்.

"அவளுக்குக் கடல்னா விளையாடின இடம் சம்பந்தி. எனக்கு அப்படியில்ல. அவ வேலைக்குன்னு கிளம்பிப் போன அன்னைக்குத் துறையில நின்னேன். படகு சின்னதாகிச் சின்னதாகி ஒண்ணுமில்லாம போச்சு. அன்னைக்கு வீட்டுக்கு வந்து அந்த வசனத்தைத்தான் எடுத்து வாசிச்சேன். கடல் இனி இல்ல. எனக்கும் என் பொண்ணுக்கும் நடுவுல இனி ஒண்ணும் இல்ல. அன்னைலேர்ந்து அதுதான் என் வசனம்."

குழந்தை பிறந்துவிட்டது, நிலைமை சரியில்லை என்று செய்தி போனபோது அங்கே கடல் கொந்தளித்துக்கொண்டிருந்ததாம். எந்தப் படகும் போகாது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அலை அடங்குமா அடங்குமா என்று துறையிலேயே நின்றிருக்கிறார். மூன்று சபைக்குப் போதகர், பிறந்ததிலிருந்து படகில் கிடந்தவர், அந்தக் கடலைப் பார்த்து வாய்விட்டுத் திட்டினாராம். "அப்ப யாராவது வந்து, இதை எடுத்துடட்டுமான்னு கேட்டிருந்தா, எடுத்துக்கிட்டுப் போயிடுன்னு சொல்லியிருப்பேன்."

சம்பந்தியம்மா ஏதோ எல்லோருக்கும் தெரிந்ததைச் சொல்வதுபோல் சாதாரணமாகத் தொடர்ந்தார்.

"எழுதினவரும் எங்களை மாதிரித் தீவுல இருந்தவர்தானே. பிடிச்சுக் கொண்டுபோய் விட்டுட்டாங்க. அவரோட சபையெல்லாம் எதிர்க்கரையில. ஒவ்வொரு சபைக்கும் பேர் சொல்லிச் சொல்லி எழுதறார் பாருங்க. தினம் கரையில வந்து நின்னிருப்பார். அந்த மனுஷன் கடலைப் பார்த்து வேற என்ன நினைச்சிருப்பார்?"

நாடுகடத்தப்பட்டு யோவான் ஒரு தீவில் இருந்தார் என்பது டீச்சரம்மா முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கும் பாடம். எந்தத் தீவு, எத்தனை மைல், எந்த அரசன் காலம் எல்லாம் சொல்வார். கடைசி வகுப்புகளில் கடல் ஒழிந்துபோனதைப் பற்றிச் சொல்வார். இரண்டுக்கும் நடுவில் பல மாத வகுப்புகள் கிடந்தன. ஒன்றைக் கொண்டுபோய் இன்னொன்றின் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவருக்குத் தோன்றியதில்லை. இந்த அம்மாளுக்கு அதை வைத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவருக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தன. தான் குடியிருக்கும் வீட்டிலேயே இதுவரை திறக்காத ஓர் அறையை யாரோ சாதாரணமாகத் திறந்து உள்ளே போய் ஜன்னலையும் திறந்துவிட்டதுபோல் டீச்சரம்மாவுக்கு இருந்தது. அவமானமாக இல்லை. உச்சி குளிர்ந்து போயிற்று. ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்துகொண்டு இவ்வளவு சந்தோஷப்படலாமா என்றுதான் கூச்சமாக இருந்தது.

ஆனாலும் டீச்சர் டீச்சர்தானே. அப்படியானால் யார் எங்கிருந்து வாசித்தாலும் அதெல்லாம் சரிதானா என்று கேட்டார். அதெப்படி என்றார் சம்பந்தியம்மா. அவருடைய தீவில் கடல் வருஷா வருஷம் கரையைத் தின்றுகொண்டு உள்ளே வருகிறது. அதைத் தடுக்க ஊரே சேர்ந்து சுவர் கட்டுகிறது. அப்போது ஓர் ஆள் வந்து, கடலே இல்லாமல் போகப் போகிறதென்று வேதம் சொல்கிறதே, பிறகு சுவர் எதற்கு என்று கேட்டானாம். "சிமெண்டு மூட்டையைத் தூக்கி அவன் தோள்ல வெச்சேன். அக்கம்பக்கத்தவனை முழுக விடற அர்த்தம் எந்த ஊர்லேர்ந்து வந்தாலும் அர்த்தம் இல்ல."

டீச்சரம்மா சிரித்த சிரிப்பில் வார்டு நர்ஸ் எட்டிப் பார்த்து, உதட்டில் விரல் வைத்தாள்.

தாய் இப்படிச் சொன்னது மகள் காதுக்குப் போனதும் அவள் சும்மா இருக்கவில்லை. அன்று மத்தியானம் ஆஸ்பத்திரி கேன்டீனில் தாயும் மகளும் அவர்கள் மொழியில் மோதிக்கொண்டார்கள். டீச்சரம்மாவுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் ஒரே தீவில், ஒரே வீட்டில், ஒரே வேதத்தை வாசித்து வளர்ந்த இரண்டு பேர் ஒரே வசனத்துக்காக டீ ஆறிப்போகிற அளவுக்கு மல்லுக்கு நிற்பதைப் பார்க்க அவருக்கு அலுக்கவே இல்லை. தீவுக்காரர்கள் இப்படித்தான் வாசிப்பார்கள் என்று இனிமேல் ஒரே வரியில் எழுத முடியாது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. குழந்தை பிறந்ததிலிருந்து முகத்தில் ஈயாடாமல் இருந்த மருமகளின் கண்ணில் அன்றைக்குத்தான் பழைய வெளிச்சம் வந்திருந்தது. சண்டைக்கு ஆயுதம் தேடுவதற்காகவே அந்தப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசிக்கப் போவதாக அவள் அறிவித்தாள். வாசிக்கவும் செய்தாள், பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தைக்குக் கேட்கும்படி.

கொஞ்ச நாளில் குழந்தை எடை ஏற ஆரம்பித்தது. மூக்கிலிருந்து குழாயை எடுத்தார்கள். ஒரு காலையில் பெரிய டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, கழுத்திலிருந்த ஸ்டெதாஸ்கோப்பைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, "இனிமே பயமில்ல. உங்க பையன் கரையேறிட்டான்" என்றார்.

மருமகள் அழுதாள். பல் டாக்டர் எல்லோருக்கும் கை கொடுத்தார், தரை துடைக்கிறவருக்கும் சேர்த்து. சம்பந்தியம்மாளுக்கு மகள் அதை அவர்கள் மொழியில் சொல்ல வேண்டியிருந்தது. அழுகையின் நடுவில், டாக்டர் சொன்னதை அப்படியே, வார்த்தைக்கு வார்த்தை சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு டீச்சரம்மாவைப் பார்த்துக் கேட்டார். கரையேறிவிட்டானென்றால்? இவ்வளவு நாள் குழந்தை கடலிலா இருந்தான்?

டீச்சரம்மா விளக்க ஆரம்பித்தார். எங்கள் பேச்சில் அப்படித்தான், பிழைத்துக்கொண்டால் கரையேறிவிட்டான் என்போம். படிப்பு முடித்து வேலையில் உட்கார்ந்தால் கரையேறினான். பெண் பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டால் எல்லோரையும் கரை சேர்த்துவிட்டேன் என்று பெற்றவர்கள் மூச்சு விடுவார்கள். பிறந்து வாழ்வதையே கடல் என்றும், கடவுளிடம் போய்ச் சேர்வதைக் கரை என்றும் சொல்லும் பழக்கம் எங்களுக்குக் காலங்காலமாக உண்டு. எங்கள் சபைகளில் ஜெபம் செய்கிறவர்களும், கரை சேர்த்தருளும் என்றுதான் கேட்பார்கள். கடலையே பார்க்காதவர்கள்கூட அப்படித்தான் பேசுவார்கள்.

சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்திவிட்டார்.

"சொல்லுங்க சம்பந்தி" என்றார் மற்றவர்.

"இல்ல, இதை நான் என் வகுப்புல ஒரு நாளும் சொன்னதில்ல."

வெளிநாட்டு அறிஞர்கள் எழுதிய கனமான புத்தகங்களை எல்லாம் கரைத்துக் குடித்தவர் அவர். அந்தப் புத்தகங்களின்மேல் அவருக்கு இருந்த மரியாதை இப்போதும் குறையவில்லை. அவர்கள் தோண்டி எடுத்துக் கொடுக்காவிட்டால், அந்தக் காலத்து மக்கள் கடலைப் பார்த்து எப்படி நடுங்கினார்கள் என்பதே தெரிந்திருக்காது. ஆனால் தன் சொந்த வாய் தினமும் பேசுகிற பேச்சுக்குள்ளேயே அந்த வசனத்துக்கு ஒரு வாசல் திறந்திருந்தது. கடல் இனி இல்லை என்றால், இனிமேல் நீந்த வேண்டியவர் யாரும் மிச்சமில்லை. எல்லோரும் கரையேறியாயிற்று. அதைப் பார்க்க, தமிழே தெரியாத ஒரு பெண்மணி வந்து, இவ்வளவு நாள் குழந்தை கடலிலா இருந்தான் என்று கேட்க வேண்டியிருந்தது.

சம்பந்தியம்மா அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகினார். "கரை... ஏறு... தல்." எங்கள் தீவில் இதை யாரும் இப்படி யோசித்ததில்லை, ஊருக்குக் கொண்டுபோகிறேன் என்றார். வேறு எந்தப் பொருளையும் அவர் அவ்வளவு ஆசையாகப் பைக்குள் வைத்து டீச்சரம்மா பார்க்கவில்லை.

அந்த வாரமே டீச்சரம்மா உட்கார்ந்து எழுதினார். பேனா ஓடிய வேகத்தில் பல் டாக்டர் இரண்டு முறை டீ வைத்துவிட்டுப் போனதுகூடத் தெரியவில்லை. பழைய அறிஞர்கள் சொன்னதை முதலில் வைத்தார். அதை விட்டுவிட்டு எதையும் பேச முடியாது. பிறகு துறையில் நின்ற தாய். பிறகு கரையேறுதல். மருமகளின் கோபத்தையும் விடவில்லை. எழுதியதை அவளிடமே வாசித்துக் காட்டினார். அவள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"அத்தை, ஒண்ணு விட்டுட்டீங்க. அதே புத்தகத்துல, சிம்மாசனத்துக்கு முன்னாடி ஒரு கடல் இருக்கு. கண்ணாடி மாதிரி. ஜெயிச்சவங்க அது மேலதான் நின்னு பாடறாங்க. அது எங்க போச்சுன்னு யாரும் சொல்லல."

அந்தக் கண்ணாடிக் கடலைப் பற்றி டீச்சரம்மாவுக்குத் தெரியாமலில்லை. அது வானத்தின் பளபளக்கும் தளம் என்று பாடம் நடத்தியிருக்கிறார். ஆனால் தன் பிள்ளைக்காக அந்தப் புத்தகம் முழுக்கக் கடலைத் தேடி அலைந்த ஒருத்தி, கடைசியில் கண்டுபிடித்து எடுத்துக்கொண்டு வந்து காட்டும்போது அதன் பளபளப்பே வேறாக இருந்தது. பேனாவைத் திறந்து அதையும் சேர்த்தார். "இதுக்கு நான் பதில் எழுத மாட்டேன். கேள்வியா விட்டுடறேன்" என்றார். மருமகளுக்கு அது போதுமாக இருந்தது.

பதிப்பாசிரியருக்குத்தான் போதவில்லை. அவருடைய அறை புத்தகக் கட்டுகளால் அடைந்து கிடக்கும், உட்கார வேண்டுமென்றால் ஒரு நாற்காலியைக் காலி செய்ய வேண்டும். டீச்சரம்மா காலி செய்துகொண்டு உட்கார்ந்தார். பதிப்பாசிரியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, எழுத்து அருமையாக இருக்கிறது என்று பாராட்டினார், பிறகு இழுத்தார். வீட்டில் உட்கார்ந்து படிக்கிறவன் பாவம், அவனுக்கு ஒரு அர்த்தம் போதும். இத்தனையைக் கொண்டுபோய் அவன் முன்னால் கொட்டினால், எதுதான் சரி என்று கேட்பான். "விளக்கவுரைன்னா விளக்கணும். குழப்பக் கூடாது."

"அப்ப நாலு சுவிசேஷம் எதுக்கு?" என்றார் டீச்சரம்மா. "ஒண்ணு போதுமே. நாலு ஊர்ல நாலு விதமான ஆளுங்களுக்காக எழுதினதை, ஒண்ணா அடிச்சுச் சேர்க்காம நாலாவே வெச்சிருக்காங்களே. அவங்களுக்கும் உங்களை மாதிரி ஒரு பதிப்பாசிரியர் கிடைச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

அவர் சிரித்துவிட்டார். கண்ணாடி மூக்கின் மேல் வந்து விழுந்தது. கொஞ்ச நேரம் தாள்களைப் புரட்டினார். பிறகு தன் தாயாரைப் பற்றிச் சொன்னார். மழையை நம்பிப் பயிர் வைக்கும் வறண்ட ஊர் அவருடையது. கல்லூரியில் படிக்கும்போது லீவுக்கு வீட்டுக்குப் போனவர் தாயாருக்கு இதே அதிகாரத்தை வாசித்துக் காட்டினாராம்.

"கடல் இல்லைன்னு வாசிச்சதும் அம்மா திகைச்சுப் போயிட்டாங்க. கடல் இல்லைன்னா மழை எங்கேர்ந்துடா வரும்னு கேட்டாங்க. நான் சிரிச்சுட்டு மேல வாசிச்சேன். வானத்துலேர்ந்து இறங்கி வர்ற நகரத்து நடுவுல ஆறு ஓடுதுன்னு வந்துதே, அப்பதான் அவங்களுக்கு உயிரே வந்தது. ஆறு இருக்கில்ல, அப்ப சரி, மேல வாசின்னாங்க."

டீச்சரம்மா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். ஆற்றைப் பற்றிய பகுதி அடுத்த அதிகாரம். அதற்கு அவர் எழுதியிருந்த விளக்கம் சரியானது, நேர்த்தியானது, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாதது. கடல் போன பிறகு ஆறு எதற்கு வருகிறது என்பதைக் காட்டி, ஒரு விவசாயியின் மனைவி ஒரே கேள்வியில் இரண்டு அதிகாரங்களையும் முடிச்சுப் போட்டிருக்கிறார்.

"இதை நீங்க எழுதித் தாங்க" என்றார்.

"நானா? நான் திருத்தறவன்."

"உங்கம்மா சொன்னதை நான் எப்படி எழுதறது? நீங்களே எழுதுங்க. ஒரு பத்தி போதும்."

ஒரு பத்தி கேட்டதற்கு அவர் இரண்டு பக்கம் எழுதி அனுப்பினார். அவர் வாழ்நாளில் எதையும் நீட்டி எழுதியது அதுதான் முதல் தடவை என்று அவருடைய மனைவியே போனில் சொல்லி ஆச்சரியப்பட்டார். புத்தகம் வந்தது. குழப்புகிறது என்று ஒன்றிரண்டு போதகர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். அவர்களுக்கு டீச்சரம்மா மரியாதையாகப் பதில் எழுதினார், உங்கள் ஊரில் இதை எப்படி வாசிக்கிறார்கள் என்றும் கேட்டார். குறை சொன்னவர்களில் ஒருவரிடமிருந்து மிக நல்ல பதில் ஒன்று வந்தது.

சம்பந்தியம்மா அதற்கு முன்பே ஊர் திரும்பியிருந்தார். குழந்தை வீட்டுக்கு வந்து, தொட்டிலில் கை காலை உதைத்து அழ ஆரம்பித்த பிறகுதான் கிளம்பினார். விடைபெறும்போது அவர் தமிழில், "வர்றேன் சம்பந்தி" என்றார். டீச்சரம்மா அவருடைய கரடுமுரடான கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் வாசித்த அத்தனை அறிஞர்களின் வரிசையில் உங்களையும் வைத்திருக்கிறேன் என்று சொல்ல நினைத்தார். அதைச் சொன்னால் இந்த அம்மாள் சிரிப்பார் என்று தோன்றியதால், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னார்.

புத்தகம் வந்து சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எல்லோரும் சாப்பிட உட்காரும் நேரத்தில் தீவிலிருந்து போன் வந்தது. பின்னால் காற்றும் இன்ஜின் சத்தமும் கேட்டது. கரையேறுதலைப் பற்றி மூன்று சபைகளிலும் பேசியாகிவிட்டதாம். மூன்று தீவிலும் இப்போது அந்தத் தமிழ்ச் சொல்லையே, அவர்கள் நாக்குக்கு வந்தபடி, சொல்லிக்கொண்டு திரிகிறார்களாம். ஆனால் வலை பின்னும் பெண்களுக்குள் ஒரு விவகாரம் கிளம்பிவிட்டது. அவர்களில் ஒருத்தி எழுந்து, எல்லோரும் கரையேறிவிட்டால் படகுகளை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறாள். இத்தனை பேரைச் சுமந்துகொண்டு வந்த படகுகளை அப்படியே விட்டுவிட முடியுமா? அதைப் பற்றி இரண்டு வாரமாகப் பேச்சு ஓய்ந்தபாடில்லை.

"நீங்கதானே சொல்லை அனுப்பி வெச்சீங்க, நீங்களே சொல்லுங்க" என்றார் சம்பந்தியம்மா.

டீச்சரம்மா யோசித்தார். புத்தக அலமாரியின் பக்கம் பார்த்தார். பிறகு, தெரியவில்லை, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன், போனை வைக்காமல் இருங்கள் என்றார்.

சாப்பாட்டு மேஜையில் கேள்வியை வைத்தார். கவிழ்த்துப் போட்டால் பிள்ளைகள் ஏறிச் சறுக்கி விளையாடலாம் என்றான் மகன். பல் டாக்டர், கேப்டனுடைய படகை மட்டுமாவது பெயிண்ட் அடித்து வாசலில் நிறுத்த வேண்டும் என்றார். மருமகள் குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டு, நீங்கள் எல்லோரும் கண்ணாடிக் கடலை மறுபடியும் மறந்துவிட்டீர்கள் என்று ஆரம்பித்தாள். டீச்சரம்மா இன்னும் இணைப்பில் இருந்த போனை எடுத்து அவள் பக்கமாக மேஜையின் மேல் வைத்து, ஒலியைக் கூட்டிவிட்டு, உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தார்.